நெத்திலி வயிற்றின் நிறம்

786
ராயப்பேட்டை, சென்னப்பட்டணம்
11 மார்ச் 1934

அன்புப் பேரன் கலீமுல்லாவுக்கு நன்னி அமீனா பீ துஆ சொல்லி எழுதுவது. அல்லாஹ் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் நலம். உன் உடம்பு எப்படி, அந்த ஊர்ச் சோறு ஒத்துக்கொள்கிறதா என்று எழுதவும்.

முதலில் நம் வீட்டுப் பிள்ளைகளின் சங்கதி. ஷாஹுல் ஹமீது பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்து பித்தளைக் கோப்பை வாங்கினான். அதில் தண்ணீர் குடித்தால்தான் இப்போது அவனுக்குத் தாகம் அடங்குகிறது. அப்துல் கய்யூமுக்கு மாம்பலம் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிற உத்தியோகம் ஆகிவிட்டது. மின்சார ரயில் அவன் ஜன்னலுக்கு எதிரேதான் நிற்கிறதாம். ஜஹீதா ஆறாம் வகுப்புத் தேறப்போகிறாள். நான் ஐந்தோடு நின்றவள். இந்த வீட்டுப் பெண்களில் என்னைத் தாண்டிய முதல் ஆள் அவள். எல்லோருக்கும் மேலே நீ. பி.ஏ. படித்து, மத்தி மீனில் எண்ணெயும் எருவும் எடுக்கிற பெரிய கம்பெனியில், மீனைப் பற்றி ஆராய்கிற உத்தியோகத்தில் இருக்கிறாய். கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் இதைத்தான் சொல்கிறேன். உன் அத்தா பீர் முஹம்மதுதான், "கருவாடு கேட்டு வந்தவங்களுக்குக் கருவாடு கொடுங்கம்மா" என்கிறான்.

கொடுக்கக் கருவாடு எங்கே இருக்கிறது? நெத்திலி வந்து இரண்டு பருவம் ஆகிறது. நொச்சிக்குப்பத்துக் கட்டுமரங்கள் போகின்றன, வெறும் வலையோடு வருகின்றன. நம் மாடியில் நெத்திலி காய்ந்த இடத்தில் இப்போது ஜஹீதாவின் பாவாடை காய்கிறது. நமக்கு மீன் கொண்டுவரும் தேவானையை உனக்குத் தெரியுமே, சின்னப் பிள்ளையாக இருக்கும்போது உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு போவாள். அவள் நேற்று வெறும் கூடையோடு வந்து உட்கார்ந்து, "இன்னா பாயம்மா, ஒன் பேரன் மீனுக்குத்தான வாத்தியாரு? எப்போ வரும்னு அதாண்ட கேட்டுச் சொல்லச் சொல்லேன்" என்றாள். நீ எழுது. நான் அவளுக்குச் சொல்கிறேன்.

கடையில் மாட்ட உன் படம் ஒன்று வேண்டும். கம்பெனியில் கோட்டுத் தைத்துக் கொடுப்பதாக எழுதியிருந்தாயே, அதைப் போட்டுக்கொண்டு எடுத்து அனுப்பு.

துஆவுடன்,
அமீனா பீ


கோழிக்கோடு
2 மே 1934

கண்ணியமிக்க நன்னிக்குக் கலீமுல்லாவின் சலாம். நான் சௌக்கியம். சோறு பெரிய பெரிய அரிசியாக இருக்கிறது, பழகிவிட்டது. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அத்தாவுக்கும் அம்மாவுக்கும் என் சலாம் சொல்லுங்கள். ஷாஹுலின் கோப்பையைப் பார்க்கவேண்டும் போல இருக்கிறது.

தேவானை அக்கா கேட்ட இந்தக் கேள்விக்காகத்தான் இங்கே எனக்குச் சம்பளமே கொடுக்கிறார்கள். ஒரு வருஷம் மத்தியைக் கரையில் கொட்ட இடமிருப்பதில்லை, தென்னைக்கு எருவாகப் போடுகிறார்கள். மறு வருஷம் ஒன்றுகூட இல்லை. ஏன்? நான் மத்தியின் வயிற்றைத் திறந்து பூதக்கண்ணாடியில் பார்க்கிறேன். உள்ளே பச்சைக் கூழ். அந்தக் கூழை ஒரு சொட்டுத் தண்ணீரில் கரைத்துப் பார்த்தால், நன்னி, கண்ணாடித் துண்டுகளைச் சங்கிலியாகக் கோத்ததுபோலச் சின்னஞ்சிறு செடிகள். கடலில் மிதக்கிற செடிகள். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அவை பெருகினால் கடலே பச்சையாகிறது.

ஆடிக்காற்று வலுத்ததும் கடலின் மேல்தண்ணீர் விலகுகிறது. அடியில் கிடக்கும் குளிர்ந்த தண்ணீர் மேலே வருகிறது. அந்தத் தண்ணீரில் செடிக்கு வேண்டிய உரம் இருக்கிறது. வெயில் பட்டதும் செடி முளைக்கிறது, அதைத் தின்னச் சின்ன மீன் வருகிறது, சின்ன மீனைத் தின்னப் பெரிய மீன் வருகிறது. எல்லாம் அந்தக் காற்றில் தொடங்குகிறது. இந்த வருஷம் காற்று நன்றாக அடித்தால் ஆவணிக்குள் மீன் கரை தொடும் என்று நினைக்கிறேன். இதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் இரண்டு நாள் எனக்குச் சாப்பாடே நினைவில்லை.

கோட்டுக்கு அளவு எடுத்திருக்கிறார்கள்.

உங்கள் பேரன்,
கலீமுல்லா


786
ராயப்பேட்டை
3 ஜூன் 1934

என் தங்கப் பேரனுக்கு நன்னி துஆ. முழங்கால் வலி உன் கடிதம் வந்த அன்றைக்குக் காணாமல் போய்விட்டது.

கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜட்கா பிடித்து நொச்சிக்குப்பத்துக்கே போய்விட்டேன். உன் அத்தாவிடம் சொல்லவில்லை. கட்டுமரங்களுக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து, சத்தமாக, நிறுத்தி நிறுத்திப் படித்தேன். பச்சைக் கூழ் வந்த இடத்தில் இரண்டு தரம் படிக்கச் சொன்னார்கள். தேவானையின் வீட்டுக்காரன் கன்னியப்பன், "ஆடிக்காத்துதான, நமக்கும் அடிக்குதே, தலப்பாவே நிக்காது" என்றான். மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஆவணிக்குள் மீன் கரை தொடும் என்று நீ எழுதிய வரியை ஒரு பொடியன் என் கையைப் பிடித்துத் தொட்டுப் பார்த்தான்.

கடலில் ஒன்றும் இல்லாத நாளில் அவர்கள் பழவேற்காட்டு ஏரிக்கு இறால் பிடிக்கக் குடும்பத்தோடு போவது வழக்கம். இந்தத் தடவை மூட்டை கட்டியிருந்தவர்களும் அவிழ்த்துவிட்டார்கள். கன்னியப்பன் நெத்திலி வலையைப் பரணிலிருந்து இறக்கிப் பொத்தல் பார்க்கிறான். தேவானை எனக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து, "ஒன் பேரன் வாய்க்குச் சக்கர போடணும் பாயம்மா" என்றாள். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீயே நினைத்துக்கொள்.

ஆவணியில் முதல் வாரமா, கடைசி வாரமா என்று மட்டும் எழுது. கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

படம் இன்னும் வரவில்லை. தையற்காரன் தூங்குகிறானா?

அமீனா பீ


786
ராயப்பேட்டை
20 ஆகஸ்டு 1934

பேரன் கலீமுல்லாவுக்கு. நலம், நலமறிய ஆவல்.

ஜூன் மாதம் எழுதியதற்குப் பதில் இல்லை. கோழிக்கோட்டிலிருந்து கடிதம் வர மூன்று நாள் போதும் என்று தபால்காரர் சொல்கிறார். உனக்கு உடம்பு சரியில்லையோ என்று முதலில் பயந்தேன். உன் அத்தா கம்பெனிக்கு விசாரித்து எழுதுகிறேன் என்றான். பெரிய இடத்தில் இருக்கிற பிள்ளையை அப்படி விசாரிக்கலாமா, அவனுக்கு என்ன வேலையோ என்று நான்தான் தடுத்தேன்.

ஆடி முழுக்கக் காற்று அடித்தது. கடற்கரை மணல் எல்லாம் மயிலாப்பூர்வரை பறந்தது. ஆவணி பிறந்துவிட்டது. கன்னியப்பன் தினமும் கட்டுமரம் தள்ளுகிறான். நேற்றைக்கு அவன் வலையில் இரண்டு ஜெல்லி மீனும் ஒரு செருப்பும். தண்ணீர் பச்சையாகவும் இல்லை. தேவானை பதில் வந்ததா என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். கூடையை வாசலில் வைத்து, என் முகத்தைப் பார்த்து, எடுத்துக்கொண்டு போகிறாள்.

ஒரு கார்டு போடு. ஒரே வரி போதும்.

அமீனா பீ


1 செப்டம்பர் 1934

கண்ணியமிக்க நன்னிக்குச் சலாம். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. பதில் எழுதாதது தப்பு. எழுதத் தொடங்கிக் கிழித்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

நான் எழுதியது இந்தக் கரையைப் பற்றி. மேற்குக் கரை. இங்கே ஆடிக்காற்று கடலிலிருந்து மழையைச் சுமந்துகொண்டு கரைக்கு வருகிறது. அதே காற்று மலையைத் தாண்டி உங்களிடம் வரும்போது தரையிலிருந்து கடலுக்குப் போகிறது, மழையும் இல்லை. பெயர் ஒன்று, மாதம் ஒன்று. அங்கே அது கடலை என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கு மழை ஐப்பசியில், வேறு காற்றோடு வருகிறது. இங்கே மத்தி, அங்கே நெத்திலி. இரண்டும் ஒரே உணவைத் தின்கின்றனவா என்பதுகூட எனக்குத் தெரியாது.

முதல் கடிதத்திலேயே இதை எழுதியிருக்க வேண்டும். நீங்கள் குப்பத்தில் படிப்பீர்கள் என்று நினைக்கவில்லை. ஆனால் நீங்கள் படிக்காமல் வேறு யார் படிப்பார்கள். பழவேற்காட்டுக்குப் போகிறவர்களை இப்போதாவது போகச் சொல்லுங்கள்.

ஆவணியில் எந்த வாரம் என்று கேட்டிருந்தீர்கள். தெரியாது, நன்னி.

கலீமுல்லா


786
ராயப்பேட்டை
9 செப்டம்பர் 1934

கலீமுல்லாவுக்கு நன்னி எழுதுவது. இங்கே சுகத்துக்குக் குறைவில்லை, மானத்துக்குத்தான்.

இப்போது போகச் சொல்கிறாயே, பழவேற்காட்டில் குடிசைக்கு இடம் ஆனி மாதமே பிடிக்கவேண்டும் என்று உனக்குத் தெரியுமா? வேறு குப்பத்தார் வந்து இறங்கியாயிற்று. கன்னியப்பன் போய்ப் பார்த்துவிட்டு ஏரியில் கால் நனைக்காமல் திரும்பி வந்தான். உன் கடிதத்தைப் படிக்காமல் இருந்தால் அவர்கள் பாட்டுக்குப் போயிருப்பார்கள்.

தேவானை இப்போது நம் வீட்டுக்கு வருவதில்லை. ஐஸ்ஹவுஸ் பக்கம் ஒரு வீட்டில் மாவு இடிக்கப் போகிறாளாம். இருபது வருஷமாக நம் வாசலில் முதல் கூடையை இறக்கினவள். குப்பத்து ஆள் வேறொருவர் கடைக்கு வந்தார். "அந்தம்மா படிக்கிற காயிதம்லாம் இனி அந்தம்மாவே வெச்சிகினு படிக்கட்டும்" என்று தேவானை சொன்னதாக என்னிடமே சொல்லிவிட்டு, புளி வாங்கிக்கொண்டு போனார்.

இப்போது கேட்கிறேன். மேற்கு தெரியும், கிழக்கு தெரியாது என்றால் எதற்குப் பி.ஏ.? தண்ணீர் எல்லாம் ஒரே கடல்தானே. அந்தக் கரைக்குச் சொன்னவனுக்கு இந்தக் கரைக்குச் சொல்ல என்ன? நான் இன்னொரு தரம் அந்த மணலில் போய் நிற்கவேண்டும் என்றால் கையில் ஒரு பதிலோடு போகவேண்டும். தை மாதமா, மாசியா, எப்போது என்று எழுது. வலையாலா, பெரிய மீன் தின்றுவிட்டதாலா, ஏன் என்றாவது எழுது. தெரியாது என்று மட்டும் எழுதாதே. அதை நான் யாரிடம் போய்ப் படிக்க?

அமீனா பீ


24 அக்டோபர் 1934

கண்ணியமிக்க நன்னிக்குச் சலாம். நான் நலம். மழை நின்றுவிட்டது.

கோபப்பட உங்களுக்கு நியாயம் இருக்கிறது. தேவானை அக்காவை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. ஏன் என்றாவது எழுதச் சொன்னீர்கள். எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன்.

பெரிய மீன் தின்று தீர்த்துவிட்டது என்றால், பெரிய மீனாவது மிச்சம் இருக்கவேண்டும் அல்லவா? உங்கள் பக்கம் வஞ்சிரமும் குறைந்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். குறைந்திருந்தால் தின்றவன்மேல் குற்றமில்லை, அவனும் பட்டினி. வலையால் என்றால், இங்கே வலை அதிகமாகப் போட்ட வருஷங்களில்கூட மத்தி கொட்டியிருக்கிறது. அதனால் வலைக்குப் பங்கே இல்லை என்றும் சொல்லமுடியாது, குறைந்திருக்கும்போது பிடிப்பது வேறு கணக்கு. காற்றும் உணவும் என்றால், இந்த வருஷம் இங்கே காற்று நன்றாகத்தான் அடித்தது. கடல் பச்சையாயிற்று. மத்தி வரவில்லை. ஆம், இங்கேயும் வரவில்லை. நான் எழுதிய ஆவணி இங்கேயே பொய்த்துவிட்டது.

இப்போது எனக்குத் தோன்றுவது இது. ஒரு மீன் ஆயிரக்கணக்கில் முட்டை இடுகிறது. பொரித்த குஞ்சு கண்ணிமை மயிர் அளவு. முதல் சில நாளில் அதன் வாய்க்கு அடக்கமான உணவு அதன் முகத்துக்கு நேரே இருந்தால் பிழைக்கிறது. காற்று ஒரு வாரம் முந்தினாலும் பிந்தினாலும் அத்தனையும் போய்விடலாம். அப்படியென்றால் இந்த வருஷம் மீன் இல்லாததற்குக் காரணம் போன வருஷம் நடந்த ஏதோ ஒன்று, அப்போது கடலில் நின்று யாரும் பார்க்கவில்லை. மழைமாதத்தில் இங்கே படகே இறங்குவதில்லை.

முதலாளிகளும் நீங்கள் கேட்டதைத்தான் கேட்டார்கள். அடுத்த வருஷம் உண்டா, எப்போது என்று.

இனி கடிதத்தை மேலே எழுதியுள்ள விலாசத்துக்குப் போடவும். பழைய விலாசம் வேண்டாம்.

கலீமுல்லா

(விலாசம்: டீக்கடை ஷகீலா மன்ஸில், கடற்கரைப் பள்ளிவாசல் அருகில், பேப்பூர்)


786
ராயப்பேட்டை
30 நவம்பர் 1934

பேரனுக்கு நன்னி துஆ. மழை விடாமல் பெய்கிறது, கடையில் ஒழுகுகிறது, மற்றபடி நலம்.

உன் கடிதத்தில் விலாசம் மேலே இல்லை, கீழே இருந்தது. மேலே எழுதியதாக நினைத்துக்கொண்டு மறந்திருக்கிறாய். என் பேரன் அப்படி மறக்கிறவன் இல்லை. முதலில் வந்த கடிதங்களில் கம்பெனியின் பெயர் நீல மையில் அச்சடித்திருக்கும், கப்பல் படம் இருக்கும். அதை ஜஹீதா வெட்டி வைத்துக்கொள்வாள். செப்டம்பரிலிருந்து கப்பல் இல்லை. அவள்தான் முதலில் கவனித்தாள். டீக்கடைக்கு ஏன் கடிதம் போடவேண்டும்? கம்பெனி வீடு கொடுக்கவில்லையா? கோட்டுத் தைத்தாயிற்றா இல்லையா?

வஞ்சிரத்தைப் பற்றிக் கேட்கச் சொன்னாய். அதற்காகவே மழை விட்ட ஒரு நாளில் நொச்சிக்குப்பத்துக்குப் போனேன். கட்டுமரம் எல்லாம் மேட்டில் ஏற்றிக் கிடந்தது. கன்னியப்பன் வலைமேல் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான்.

"வாங்க பாயம்மா. ஆடிக்காத்து பூடுச்சி, ஐப்பசி மழையும் வந்து பூடுச்சி. அடுத்த காயிதத்துல இன்னா கீது?" என்றான். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

வஞ்சிரம் உண்டா என்று கேட்டேன்.

"வஞ்சிரம் எப்டி வரும்? அது இன்னா, இங்க வந்து மண்ணத் துன்னுமா?" என்றான். ஆக, நீ சொன்னதுபோலப் பெரியதும் இல்லை. அதை மட்டும் சரியாகச் சொன்னாய். தேவானை குடிசைக்குள் இருந்தாள். நான் நிற்பது தெரியும். முறத்தைத் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, முறத்தில் என்ன இருந்தது என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். வெளியே வரவில்லை.

நோன்பு பிறக்கப்போகிறது. பெருநாளைக்கு வருவாய் அல்லவா? உண்மையை எழுது. நான் அழுகிற ஆள் இல்லை.

அமீனா பீ


பேப்பூர்
20 டிசம்பர் 1934

கண்ணியமிக்க நன்னிக்குச் சலாம். நோன்பு நல்லபடியாகப் போகிறது. டீக்கடைக்காரர் வீட்டில் கஞ்சி கொடுத்து அனுப்புகிறார்கள். உங்கள் கைக் கஞ்சியில் பாதி ருசி உண்டு.

வேலை போய்விட்டது. ஆகஸ்டில் போயிற்று. கம்பெனியில் புதிதாகப் பங்கு விற்றுப் பணம் சேர்க்கிறார்கள். அடுத்த பருவம் மத்தி நிச்சயம் என்று ஆராய்ச்சிக்காரன் கையெழுத்தில் ஒரு பக்கம் வேண்டும் என்றார்கள். தெரியாது என்று எழுதிக் கொடுத்தேன். மானேஜர் நல்லவர்தான். "தெரியாது என்று சொல்ல எனக்கு வாட்ச்மேன் இருக்கிறான், பி.ஏ. எதற்கு?" என்றார். அதே வாரம்தான் உங்கள் ஆகஸ்டுக் கடிதமும் வந்தது. நன்னி, நான் அவர்களுக்கு அப்படி எழுதிக் கொடுக்கக் காரணம் நீங்கள் ஜூனில் எழுதிய கடிதம். மூட்டையை அவிழ்த்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதற்குப் பிறகு தெரியும் என்று ஒரு வரி எழுத எனக்குக் கை வரவில்லை. உங்களிடம் சொல்லவும் வாய் வரவில்லை. கடையில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருப்பீர்கள் என்று தெரியும்.

கோட்டுக்கு அளவு எடுத்தது உண்மை. அதோடு சரி.

பெருநாளைக்கு வர முடியாது. இங்கே ஒரு படகுக்காரரிடம் வலை இழுக்கப் போகிறேன். வரும் மழைக்காலத்தில், கடல் இடம் கொடுக்கிற நாளில் என்னைக் கூட்டிப்போகச் சம்மதித்திருக்கிறார். அந்த மாதங்களின் தண்ணீரையும் குஞ்சுகளையும் இதுவரை யாரும் பார்த்ததில்லை. ஒரு முழு வருஷம் பார்த்துவிட்டு வருகிறேன். பூதக்கண்ணாடி என் சொந்தம், கல்லூரியில் பரிசாக வந்ததே, அதுதான்.

ஒன்று கேட்கலாமா? அங்கே நெத்திலி எப்போதாவது கொஞ்சம் விழுந்தால், அதன் வயிற்றுக்குள் என்ன நிறம் என்று பார்த்துச் சொல்ல ஆள் உண்டா? நான் இங்கிருந்து பார்க்கமுடியாத ஒன்று அதுதான்.

கலீமுல்லா


(கார்டு)
ராயப்பேட்டை
12 ஜனவரி 1935

மகன் கலீமுல்லாவுக்கு, சலாம். பெருநாள் போயிற்று. உன் கடிதம் வந்ததிலிருந்து உன் நன்னி யாரோடும் பேசவில்லை, உன் அம்மா நிறைய அழுகிறாள். பெரியமேட்டில் தோல் மண்டியில் கணக்கு எழுத ஒரு இடம் சொல்லிவைத்திருக்கிறேன். மாதம் பிறப்பதற்குள் வந்து சேரவும். வலை இழுக்கவா உன்னைப் படிக்கவைத்தேன்?
பீர் முஹம்மது


786
ராயப்பேட்டை
17 மார்ச் 1935

என் கண்ணே கலீமுல்லா, நன்னி துஆ. முழங்கால் வலி திரும்பி வந்திருக்கிறது, பரவாயில்லை. அப்துல் கய்யூமுக்கு நிக்காஹ் பேசியாயிற்று. ஜஹீதா ஏழாம் வகுப்பில் இருக்கிறாள். ஷாஹுலின் கோப்பை நெளிந்துவிட்டது.

உன் அத்தா போட்ட கார்டைக் கிழித்துவிடு. தோல் மண்டிக்கு வேறு ஆள் சேர்ந்தாயிற்று. உன் அத்தா உன்மேல் கொஞ்சம் ஆறியிருக்கிறான், இப்போது திட்டு எல்லாம் உன் மானேஜருக்குத்தான். அவனிடம் நான் ஒன்றுதான் கேட்டேன். ஆகஸ்டில் அந்த மானேஜர் கேட்டதும் செப்டம்பரில் நான் கேட்டதும் ஒரே வார்த்தைதானே, அவரை மட்டும் எப்படித் திட்டுகிறாய் என்று. அவன் எழுந்து கடைக்குப் போய்விட்டான்.

உன் டிசம்பர் கடிதம் வந்தபோது எனக்கு ஆத்திரம்தான் வந்தது. உன்மேலா, கம்பெனிமேலா, கடல்மேலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பேசாமல் கிடந்தேன். தை பிறந்த பிறகு ஒரு காலையில் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நொச்சிக்குப்பத்துக்குப் போனேன். ஜட்கா இல்லை, நடந்தேன். முதல் கடிதத்தைப் படித்த அதே இடத்தில் உட்கார்ந்து பிரித்தேன். கன்னியப்பன், "இன்னா, மறுபடியுமா?" என்று எழுந்திருக்கப் பார்த்தான். "உட்காருடா, இது வேற காயிதம்" என்றேன். ஒன்றுவிடாமல் படித்தேன், மானேஜர் சொன்னது உள்பட.

முடித்து நிமிர்ந்து பார்த்தேன். தேவானை எப்போது வெளியே வந்து நின்றாள் என்று தெரியாது.

"இத மொதல்லியே படிச்சிருந்தா பழவேற்காட்டுல நாலு காசு பாத்திருப்போம்" என்றாள்.

"ஆமாம்" என்றேன்.

"தெரியாதுன்னு சொன்னதுக்கா வேல பூடுச்சி?"

"அதுக்குத்தான்."

கன்னியப்பன் பீடியை மணலில் குத்தி அணைத்தான். "தெரியும்னு சொல்லிகினு எத்தினி பேரு நல்ல வேலையில குந்திகினு கீறான். இந்தப் புள்ளைக்கு அந்த சாமர்த்தியம் இல்ல பாரு" என்றான். இந்தத் தடவை சிரித்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

வயிற்று நிறத்தை நான்தான் பார்க்கவேண்டும் என்று தேவானையிடம் சொன்னேன். அவள் உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான் என்று நினைத்து நடந்து வந்துவிட்டேன். அவள் கோபம் போய்விட்டது என்று எழுத எனக்கு ஆசை, ஆனால் போகவில்லை. மாவு இடிக்கிற வீட்டு வேலையை அவள் இன்னும் விடவில்லை.

போன மாதக் கடைசியில் ஒரு நாள், விடிந்ததும் வாசலில் சத்தம். கூடையை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள். கூடையில் இலைபோட்டு இரண்டு கை நெத்திலி. விற்க இல்லை. "வயித்தக் கிள்ளணும்னியே, கிள்ளு" என்றாள். இருவரும் மாடியில் உட்கார்ந்தோம். நெத்திலி வயிற்றுக்குக் கத்தி வேண்டாம், நகம் போதும் என்று உனக்குத் தெரியும். வெள்ளைத் துணியில் வைத்துத் தேய்த்துப் பார்த்தோம். நீ பச்சை என்று எழுதியிருந்தாய். எங்கள் நெத்திலியில் பச்சை கிடையாது. செங்கல்லைத் தேய்த்ததுபோல ஒரு நிறம். தண்ணீரில் கரைத்தால் ஜஹீதாவின் கண்ணுக்குக் கூனி இறால் பொடியைவிடச் சின்னதாகக் கால் முளைத்த ஏதோ தெரிந்ததாம். எனக்குத் தெரியவில்லை. தேவானை, "அங்க தழ துன்னுது, இங்க கவுச்சி துன்னுது. அப்புறம் எப்டி ஒரே மாசத்துல வரும்?" என்றாள். அது சரியா தப்பா என்று நீ எழுது. தெரியாது என்றால் தெரியாது என்றே எழுது. நான் அப்படியே படித்துக் காட்டுகிறேன்.

அந்தத் துணியைக் காயவைத்து இத்துடன் மடித்து அனுப்பியிருக்கிறேன். நாறும், டீக்கடையில் பிரிக்காதே. அதற்குப் பிறகு இரண்டு தடவை கொண்டுவந்தாள். ஒரு தடவை வயிறு காலி. அதையும் எழுதவேண்டுமா என்று ஜஹீதா கேட்டாள், எழுதச் சொன்னேன். கடையில் விற்க இன்னும் நெத்திலி இல்லை. உப்புக்கும் புளிக்கும்தான் ஆள் வருகிறார்கள்.

மழைக்கடலில் போகாதே என்று சொல்ல வாய் வருகிறது. சொல்லவில்லை. படகுக்காரர் சொல்வதைக் கேள். குளிர்ந்த தண்ணீரில் நின்றுவிட்டு ஈரத் துணியோடு இருக்காதே.

ஒரு காரியம். கடையில் கல்லாவுக்கு மேலே ஆணி அடித்து ஒரு வருஷமாக வெறுமனே இருக்கிறது. கோட்டுக்காகக் காத்திருந்தது போதும். வலை இழுக்கிற கைலியோடு, தலையில் துண்டோடு, எப்படி இருக்கிறாயோ அப்படியே அந்தப் பூதக்கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு நில். நீ கருத்துப் போயிருப்பாய் என்று தேவானை சொல்கிறாள், இல்லை என்று நான் சொல்கிறேன். முகம் தெளிவாகத் தெரியும்படி புதிதாக ஒரு படம் எடுத்து, அடுத்த தபாலிலேயே அனுப்பு.

நன்னி
அமீனா பீ